எல்லா செல்லிலும் ஒரே டிஎன்ஏ என்றால் லென்ஸில் மட்டும் கிரிஸ்டலின் எப்படி?

ஜூன் 8, 2025 (கேள்வி, கடலூர்)

பிளஸ் டூ விலங்கியலில் லாக் ஓப்பரான் (பாக்டீரியா லாக்டோஸ் செரிக்கும் ஜீன்களை ரெப்ரஸர் என்ற தடுப்புப் புரதத்தால் அடக்கி வைக்கும் ஏற்பாடு) நடத்துகிறேன். பசங்க கேட்டது: "சார், கல்லீரல் செல்லும் கண் செல்லும் வேறுபடுறதும் இப்படித்தானா? ரெப்ரஸர் விலகினா ஜீன் ஓடும், ஒட்டினா நிக்கும், அவ்வளவுதானே?" ஆமாம் என்று சொல்லி அனுப்பினேன். கூட வேலை செய்கிற ஆசிரியர், வேண்டாத ஜீன்கள் அந்தந்தத் திசுவில் அழிந்துபோகும் என்கிறார். எது சரி? முட்டையை வைத்துப் பசங்களுக்கு ஏதாவது காட்ட வழி உண்டா?

ஜூன் 8, இரவு

இரண்டும் சரியில்லை சார். அழிந்துபோவதை முதலில் முடித்துவிடலாம். ஜான் கர்டன் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர் 1962இல் தவளைத் தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, சொந்த உட்கருவைச் செயலிழக்கச் செய்த முட்டைக்குள் வைத்தார். அதில் சில இயல்பான தலைப்பிரட்டைகளாகவே வளர்ந்தன. 1996இல் பிறந்த டாலி என்ற குளோனிங் ஆட்டுக்கு உட்கரு தந்தது வளர்ந்த ஆட்டின் மடிச் செல். குடலிலும் மடியிலும் கண்ணுக்கு வேண்டிய ஜீன்கள் போயிருந்தால் அவற்றுக்குக் கண்ணே வந்திருக்காது. விதிவிலக்கு என்று வகுப்பில் சொல்ல வேண்டியவை: எதிர்ப்புப் புரதம் செய்யும் வெள்ளணுக்கள் தங்கள் டிஎன்ஏவை வெட்டி ஒட்டிக்கொள்கின்றன, நம் சிவப்பணு முதிரும்போது உட்கருவையே தள்ளிவிடுகிறது. மற்றபடி எங்கும் முழுப் பிரதிதான்.

லாக் ஓப்பரானில் சிக்கல் வேறு. பாக்டீரியாவின் டிஎன்ஏ ஏறத்தாழத் திறந்தே கிடக்கிறது. ரெப்ரஸர் விலகினால் போதும், ஜீனைப் படித்து ஆர்என்ஏ எழுதும் பாலிமரேஸ் நொதி ஏறிவிடும். நம் டிஎன்ஏ ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில், உருண்டைக்கு 147 எழுத்து இணை வீதம், சுற்றிச் சுருண்டு கிடக்கிறது. மூடியிருப்பதுதான் இயல்பு நிலை. தடையை எடுத்தால் மட்டும் ஓடாது. யாராவது வந்து திறந்து, பாலிமரேஸைக் கூட்டிவந்து உட்கார வைக்க வேண்டும். அந்த "யாராவது" ஒருவர் அல்ல, கூட்டம். எந்தத் திசு என்பதை முடிவு செய்வது அந்தக் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதுதான்.

ஜூன் 9, காலை

லென்ஸையே எடுத்துக்கொள்வோம். கோழி லென்ஸில் மலிந்து கிடக்கும் புரதம் டெல்டா கிரிஸ்டலின். அதன் ஜீனுக்குள்ளேயே, ஓர் இன்ட்ரானில் (புரதக் குறிப்பு இல்லாத இடைத்துண்டில்), என்ஹான்சர் இருக்கிறது. என்ஹான்சர் என்றால் புரதத்துக்கான குறிப்பு எதுவும் இல்லாத, கட்டுப்பாட்டுப் புரதங்கள் வந்து உட்காரும் டிஎன்ஏ துண்டு. இதன் மையப் பகுதிக்கு டிசி5 என்று பெயர். நீளம் 30 இணை அளவுதான். அதற்குள் பாக்ஸ்6 என்ற கட்டுப்பாட்டுப் புரதம் உட்கார ஓர் இடமும், சாக்ஸ்2 என்ற இன்னொன்று உட்கார ஓர் இடமும் ஒட்டினாற்போல் இருக்கின்றன. ஜப்பானில் ஹிசாதோ கொண்டோவின் குழு இதைப் பிரித்துப் பார்த்தது. தனியாக வந்தால் இரண்டுக்குமே பிடிமானம் போதவில்லை. சேர்ந்து வந்தால் இறுக்கமாக உட்காருகின்றன, ஜீன் ஓடுகிறது. நடுவிலுள்ள இடைவெளியை மாற்றினால் வேலை கெடுகிறது.

கருவில் இது எப்படி நடக்கிறது? தலைப்பக்க மேல்தோலில் பாக்ஸ்6 முன்கூட்டியே பரவலாக இருக்கிறது. மூளையிலிருந்து இரண்டு பக்கமும் புடைத்து வரும் கண்குமிழ், அந்தத் தோலைத் தொடுகிற இடத்தில் மட்டும் சாக்ஸ்2 ஏறுகிறது. இரண்டும் கூடுகிற அந்தச் சின்ன வட்டம் தடித்து, குழிந்து, லென்ஸ் ஆகிறது. இரண்டு அங்குலம் தள்ளி அதே தோல் சாதாரணத் தோலாகவே நின்றுவிடுகிறது என்று படம் போடாதீர்கள். அந்த வயதில் கருவே சில மில்லிமீட்டர்தான். எல்லை சில செல் அகலத்தில் முடிகிறது.

ஜூன் 9, மாலை

"பாக்ஸ்6, சாக்ஸ்2 இரண்டும் விழித்திரையிலும் உண்டே, அங்கே ஏன் கிரிஸ்டலின் குவியவில்லை?" என்று புதுச்சேரியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்வி. டிசி5 மையம் மட்டும்தான், முழு என்ஹான்சர் அதைவிடப் பெரியது. அதில் டெல்டா-இஎஃப்1 என்ற அடக்கும் புரதம் உட்காரும் இடமும் உண்டு, அது லென்ஸுக்கு வெளியே ஜீனை அமுக்கி வைக்கிறது. லென்ஸில் எல்-மாஃப் போன்ற இன்னும் சிலர் சேர்ந்து தூக்கிவிடுகிறார்கள். ஆக, கடலூர் சாரின் ரெப்ரஸர் இங்கேயும் வருகிறார். ஆனால் தனியாள் இல்லை, கணக்கில் ஒருவர்.

ஜூன் 10

சின்னக் குறிப்பு. வாத்து லென்ஸில் எப்சிலான் கிரிஸ்டலின் என்று ஒன்று. 1987இல் வரிசையைப் பார்த்தபோது அது லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் நொதியேதான் என்று தெரிந்தது. அதே புரதம் இதயத்தில் நொதியாக வேலை செய்கிறது. லென்ஸில் மட்டும் அளவு பல மடங்கு ஏற்றப்பட்டு, ஒளியை வளைக்கும் பொருளாகக் குவிந்து கிடக்கிறது. புதுப் புரதம் எதுவும் உருவாகவில்லை, எங்கே எவ்வளவு ஓட வேண்டும் என்ற உத்தரவு மட்டும் மாறியது.

ஜூன் 11

8ஆம் தேதி எழுதியதில் தூரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். லாக் ஓப்பரானில் ரெப்ரஸர் உட்காரும் இடம் ஜீனின் வாசலிலேயே இருக்கிறது. நம்மில் என்ஹான்சர் எங்கோ இருக்கும். பாடத்துக்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு ஆறாம் விரல்.

கருவில் கை முளைக்கும் மொட்டின் சுண்டுவிரல் பக்க ஓரத்தில் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற ஜீன் ஓடுகிறது. அங்கே மட்டும் ஓடுவதால்தான் சுண்டுவிரல் எது, கட்டைவிரல் எது என்ற திசை வருகிறது. இந்த ஜீனைக் கை மொட்டில் ஓட வைக்கும் என்ஹான்சருக்கு இசட்ஆர்எஸ் என்று பெயர். மனிதனில் அது ஜீனிலிருந்து ஏறத்தாழ 10 லட்சம் இணை தள்ளி, எல்எம்பிஆர்1 என்ற சம்பந்தமே இல்லாத இன்னொரு ஜீனின் இன்ட்ரானுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஒரே ஓர் எழுத்து மாறினால், ஓடக்கூடாத கட்டைவிரல் பக்கத்திலும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் ஓடுகிறது. கட்டைவிரல் பக்கம் கூடுதல் விரல், அல்லது மூன்று கணு உள்ள கட்டைவிரல். சோனிக் ஹெட்ஜ்ஹாக் ஜீனைப் படித்துப் பார்த்தால் ஒரு குறையும் இருக்காது.

இன்னொரு பக்கமும் பாருங்கள். எலியில் ஜீனையே எடுத்துவிட்டால் முகமே உருவாகாமல் ஒற்றைக்கண்ணாகிச் சாகிறது. இசட்ஆர்எஸ்ஸை மட்டும் எடுத்தால் முகம், மூளை, தண்டுவடம் எல்லாம் சரி. முழங்கை முழங்காலுக்குக் கீழேதான் கோளாறு. ஒரே ஜீனுக்குக் கைக்கு ஒரு சுவிட்ச், தண்டுவடத்துக்கு வேறு, மூளைக்கு வேறு. ஜீன் எந்த உறுப்புக்கும் சொந்தமில்லை. "கைக்கான ஜீன்", "கண்ணுக்கான ஜீன்" என்ற சொல்லாட்சியை வகுப்பில் கைவிட்டாலே பாதிக் குழப்பம் தீரும் என்பது என் அபிப்பிராயம்.

ஜூன் 11, சற்று நேரம் கழித்து

காலில்லாத பாம்புக்கும் இசட்ஆர்எஸ் உண்டா என்று கேட்டவருக்கு: ஆம், இருக்கிறது, பழுதாகி. 2016இல் எலியின் இசட்ஆர்எஸ்ஸை எடுத்துவிட்டு மலைப்பாம்பின் துண்டையும் நாகத்தின் துண்டையும் வைத்துப் பார்த்தார்கள்; எலிகளின் கால்கள் கட்டையாகக் குறுகின. மீனின் துண்டை வைத்தபோது கால் ஒழுங்காக வந்தது. பாம்புகளில் விடுபட்டிருந்த 17 இணையை மலைப்பாம்புத் துண்டில் திரும்பச் சேர்த்ததும் கால் மீண்டது. 10 லட்சம் தூரத்தில் 17 எழுத்து.

ஜூன் 14 (முட்டை)

சார் கேட்ட செய்முறை. ஒரு ஜீன் திசுவுக்குத் திசு ஓடுவதை, மருந்து சாயம் எதுவும் இல்லாமல் வெறுங்கண்ணால் காட்ட மிகச் சுலபமான வழி ஹீமோகுளோபின். கருவைச் சுற்றிய தட்டில் இரத்தத் தீவுகளில் மட்டும் சிவப்பு தெரியும். அந்தச் சிவப்பே குளோபின் ஜீன் அங்கே ஓடுவதற்குச் சாட்சி. பக்கத்து செல்லிலும் அதே ஜீன் இருக்கிறது, சிவப்பு இல்லை.

கடை முட்டை உதவாது. நாமக்கல் வெள்ளை முட்டை சேவலே இல்லாத கூண்டில் இடுவது, எத்தனை நாள் வைத்தாலும் கூமுட்டைதான். சேவலோடு மேயும் நாட்டுக்கோழி முட்டை, அல்லது குஞ்சு பொரிப்பகத்தில் அடைக்கு வைக்கும் முட்டை வேண்டும். இட்டு ஒரு வாரத்துக்குள். கழுவாதீர்கள், அழுக்கைக் காய்ந்த துணியால் துடையுங்கள்.

இன்குபேட்டர் 37.5 முதல் 38 டிகிரி. அடியில் தண்ணீர்த் தட்டு, ஈரப்பதம் 60 சதவீதம் பக்கம். முட்டையைப் படுக்க வைத்து மேல்முகத்தில் பென்சிலால் குறி போடுங்கள். கரு எப்போதும் மேலே மிதந்து வரும், அதனால் குறிக்குக் கீழேதான் இருக்கும். திறக்கப்போகும் முட்டையைத் திருப்ப வேண்டாம்.

33 முதல் 38 மணி நேரத்தில் பத்து சோமைட் (முதுகோரமாக அடுக்கும் திசுக்கட்டி) நிலை, அதாவது ஹாம்பர்கர், ஹாமில்டன் 1951இல் வகுத்த அட்டவணையில் 10ஆம் நிலை. இதயம் துடிக்கத் தொடங்குவது இந்த வாக்கில்தான். வகுப்புக்கு 72 மணி நேரம் இன்னும் நல்லது. சிவந்த நாளங்கள் வலை போலப் பரவியிருக்கும், துடிப்பு கடைசி பெஞ்சு பையனுக்கும் தெரியும்.

சன்னல் வெட்டுவது: முட்டை ஓட்டின் மேற்பரப்பை 70 சத ஸ்பிரிட்டால் துடைக்கவும். மழுங்கிய முனையில் ஊசியால் துளை போட்டு, 18 கேஜ் ஊசி மாட்டிய சிரிஞ்சைச் செங்குத்தாகக் கீழ்நோக்கி விட்டு, 3 முதல் 4 மி.லி. வெள்ளைக்கருவை மெல்ல உறிஞ்சவும். ஊசியின் வாய் மஞ்சள் கருவைப் பார்த்திருக்கக் கூடாது. சிரிஞ்சில் மஞ்சள் கீற்று வந்தால் அந்த முட்டை முடிந்தது, அடுத்ததை எடுங்கள். துளையை டேப்பால் அடைக்கவும். வெள்ளைக்கரு இறங்கியதால் கரு முட்டை ஓட்டிலிருந்து விலகியிருக்கும். மேல்முகத்தில் செல்லோடேப் ஒட்டி, அதன் மேலேயே நுனி வளைந்த கத்தரிக்கோலால் இரண்டு செ.மீ. நீள்வட்டம் வெட்டவும். டேப் இல்லாமல் வெட்டினால் ஓட்டுச் சில்லு கருமேல் கொட்டும். உறிஞ்சாமல் வெட்டினால் கத்தரி நுனி கருவைக் கிழிக்கும். இந்த இரண்டு தவறில்தான் பெரும்பாலான முட்டைகள் போகின்றன.

காயாமலிருக்க மேலே சில துளி ரிங்கர் கரைசல்: ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 7.2 கிராம், கால்சியம் குளோரைடு 0.17, பொட்டாசியம் குளோரைடு 0.37. கால்சியம் குளோரைடு இரு நீர் மூலக்கூறு உள்ள வகையானால் 0.23 கிராம். தண்ணீர் காய்ச்சி வடித்ததாக இருக்கட்டும். நம் கரையோரத்துப் போர் தண்ணீரில் ஏற்கெனவே இருக்கும் உப்பு எல்லாக் கணக்கையும் கெடுக்கும்.

நாலாம் நாளுக்குள் பார்த்து முடித்து, முட்டைகளை ஃப்ரீசரில் வைத்துவிட்டு அப்புறப்படுத்துங்கள். நாலாம் நாளில் கண்ணில் கருமை ஏறுவதையும் காட்டிவிடலாம். விழித்திரைக்குப் பின்னுள்ள நிறமி அடுக்கில் மெலனின் செய்யும் ஜீன்கள் தொடங்கிவிட்டதன் அடையாளம் அது. ஒரே முட்டையில் இரண்டு திசு, இரண்டு நிறம், இரண்டு ஜீன் கூட்டம்.

ஜூன் 15

நேற்று எழுதியதில் வெயிலைச் சேர்க்க வேண்டும். முட்டைக்குள் கரு உறங்கிக் கிடப்பது 20, 21 டிகிரிக்குக் கீழேதான். கடலூரில் இந்த மாதம் நிழலிலேயே 35ஐத் தாண்டுகிறது. இரண்டு நாள் கூடையில் வைத்த முட்டை தானாகவே அரைகுறையாக வளர ஆரம்பித்து, பாதி செத்து, பாதி ஏறுமாறான வயதில் நிற்கும். அப்புறம் 72 மணி நேரக் கணக்கு பொருந்தாது. இட்ட அன்றே வாங்கி 15 டிகிரி பக்கம் வைக்கவும், அல்லது அன்றே இன்குபேட்டருக்குள். வீட்டு ஃப்ரிட்ஜின் 4 டிகிரி கருவுக்கு ஆகாது.

ஜூன் 19

புதுச்சேரித் தங்கையின் இரண்டாவது கேள்வி: "அண்ணா, நாலு நாள் கோழிக்கருவில் சோனிக் ஹெட்ஜ்ஹாக் பார்க்க இன் சிட்டு ஹைப்ரிடைசேஷன் செய்கிறோம். கை மொட்டில் ஒன்றுமே வரவில்லை. தலை மட்டும் ஊதாவாக இருக்கிறது."

இன் சிட்டு என்பது, ஒரு ஜீனின் ஆர்என்ஏவோடு ஒட்டும் ப்ரோபை (எதிர்ப்பிரதி ஆர்என்ஏவை) கருவில் ஊறவைத்து, அதைப் பிடிக்கும் ஆன்டிபாடி வழியாக ஜீன் ஓடும் இடத்தை ஊதாவாக்கிக் காட்டும் முறை. தலை ஊதா என்பது சிக்னல் அல்ல. மூளைக் குழிக்குள் ப்ரோபும் ஆன்டிபாடியும் தேங்கி, கழுவலில் வெளியேறாமல் நின்றிருக்கிறது. பதப்படுத்தியதும் பின்மூளைக் கூரையை மெல்லிய ஃபோர்செப்ஸால் திறந்துவிடுங்கள். நடுமூளை, கண், இதயம் ஒவ்வொன்றிலும் ஊசித் துளை. சென்ஸ் ப்ரோப் (ஆர்என்ஏவோடு ஒட்டாத ஒப்பீட்டுப் ப்ரோப்) போட்ட கருவிலும் அதே இடம் ஊதாவானால் தேக்கம் என்பது உறுதி. சென்ஸ் ப்ரோப் இல்லாமல் செய்த இன் சிட்டுவை நான் நம்புவதில்லை, நீங்களும் நம்பாதீர்கள்.

கை மொட்டுக்கு வருவோம். சோனிக் ஹெட்ஜ்ஹாக் ப்ரோபில் ஒரு வசதி, சோதனைக்கான ஒப்பீடு கருவுக்குள்ளேயே இருக்கிறது. நோட்டோகார்டிலும் (தண்டுவடத்துக்கு அடியில் ஓடும் தண்டு) தண்டுவடத்தின் தரைத்தட்டிலும் அது ஓடும். அங்கே கோடு விழுந்து கை மொட்டில் இல்லை என்றால் கரு இளசு; கை மொட்டில் அது 18ஆம் நிலை வாக்கில்தான் தொடங்குகிறது, 22 முதல் 24ஆம் நிலையில் நன்றாகத் தெரியும். இரண்டு இடத்திலும் இல்லை என்றால் ப்ரோப் அல்லது செய்முறை. வாலை வெட்டித் தண்டுவடக் குழாயைத் திறந்து விட்டீர்களா என்றும் பாருங்கள். உள்ளே ஆழத்தில் இருப்பதால் ப்ரோப் போய்ச் சேராமலும் இருக்கலாம்.

ப்ரோபைச் சந்தேகித்தால்: ப்ரோபுக்கான பிளாஸ்மிடை (வட்ட டிஎன்ஏவை) வெட்டிய பிறகு ஜெல்லில் முழுதாக ஒரே கோடாக வந்ததா? கேபிஎன்-1, பிஎஸ்டி-1 போல 3' முனை நீட்டும் என்சைம்களால் வெட்டினால் பாலிமரேஸ் திரும்பிவந்து எதிர் இழையையும் எழுதும், பின்னணி ஏறும். எந்தப் பாலிமரேஸ் ஆன்டிசென்ஸ் (ஒட்டும் ப்ரோப்) தரும் என்பதைத் திசை பார்த்து வரைந்து வையுங்கள். டி7, எஸ்பி6 என்ற அந்தப் பாலிமரேஸ்கள் இடம் மாறினால் கையில் இருப்பது சென்ஸ் மட்டும்தான். 1 மைக்ரோகிராம் டெம்ப்ளேட்டுக்கு 10 மைக்ரோகிராம் அளவு ஆர்என்ஏ வர வேண்டும். 1 மைக்ரோலிட்டர் ஜெல்லில் ஓட்டினால் கூர்மையான கோடு தெரியும். இழுத்த மாதிரி பரவியிருந்தால் ஆர்என்ஏ உடைந்துவிட்டது, போடாதீர்கள்.

செய்முறையின் அளவுகள்: 4 சத பாராஃபார்மால்டிஹைடு, அன்றே கரைத்தது, 4 டிகிரியில் இரவு முழுக்க. மெத்தனால் படிகள், மைனஸ் 20இல் சேமிப்பு. ப்ரோட்டினேஸ் கே (புரதம் தின்னும் நொதி) மி.லி.க்கு 10 மைக்ரோகிராம். பிறகு 4 சத பாராஃபார்மால்டிஹைடும் 0.2 சத குளூடரால்டிஹைடும் சேர்த்து 20 நிமிடம் மறுபடி இறுக்குவது. ஹைப்ரிடைசேஷன் கரைசலில் ஃபார்மமைட் 50 சதம், 5 மடங்கு எஸ்எஸ்சி பிஹெச் 4.5, எஸ்டிஎஸ் 1 சதம், ஈஸ்ட் ஆர்என்ஏ மி.லி.க்கு 50 மைக்ரோகிராம், ஹெப்பாரின் அதே அளவு. 65 முதல் 70 டிகிரி, இரவு முழுக்க. ஆன்டிபாடி 2000க்கு 1. ஃபார்மமைட் வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கும் தன்மையுள்ளது. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், கர்ப்பிணிகள் அந்த மேசைப் பக்கமே வேண்டாம்.

ஜூன் 20

ப்ரோட்டினேஸ் கே நேரம் கேட்டிருக்கிறீர்கள். வழக்கமான கணக்கு: நிலை எண் எத்தனையோ அத்தனை நிமிடம். 22ஆம் நிலைக்கு 22 நிமிடம். ஆனால் செய்முறைத் தாளில் "அறை வெப்பம்" என்று இருப்பது 20, 22 டிகிரி அறை. ஏசி நின்றுபோன புதுச்சேரி அறை 34 டிகிரி. அங்கே அதே 22 நிமிடத்தில் என்சைம் ஏகத்துக்குத் தின்றுவிடும். மேல்தோல் உரிந்து, மொட்டு நுனி வரப்பு காணாமல் போகும். எஃப்ஜிஎஃப்8 பார்ப்பவர்களுக்கு இது பெரிய ஆபத்து, அந்த ஜீன் ஓடுவதே அந்த நுனி வரப்பில்தான். அது உரிந்துவிட்டால் "எஃப்ஜிஎஃப்8 இல்லை" என்று தவறாக எழுதிவிடுவீர்கள். 22 டிகிரி வாட்டர்பாத்தில் செய்யுங்கள், எஃப்ஜிஎஃப்8க்கு நேரத்தையும் நன்றாகக் குறையுங்கள்.

நிறம் வைக்கும் கட்டம்: பிஹெச் 9.5 கரைசலை அன்றன்று கலக்கவும். மக்னீசியம் அதில் நாள்பட நிற்காமல் வெண்மையாகப் படியும். முந்தைய கழுவலில் பாஸ்பேட் பஃபர் மிச்சமிருந்தாலும் மக்னீசியத்தோடு சேர்ந்து கருமேல் மணல் போல் உட்காரும், அதனால் கடைசிக் கழுவல்கள் டிரிஸ் பஃபரில். கரைசலின் ஒவ்வொரு மி.லி.க்கும் நிறம் தரும் என்பிடி 4.5 மைக்ரோலிட்டர் (மி.லி.க்கு 75 மி.கி. உள்ள சரக்கிலிருந்து), பிசிஐபி 3.5 மைக்ரோலிட்டர் (மி.லி.க்கு 50 மி.கி. உள்ள சரக்கிலிருந்து). இருட்டில் வைத்து 20 நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். கருவின் சொந்த பாஸ்பேட்டேஸை அடக்க லெவாமிசோல் 2 மில்லிமோலார்.

ஜூன் 22

இன் சிட்டு ஜீன் எங்கே ஓடுகிறது என்று காட்டும். எது ஓட வைக்கிறது என்பதைக் காட்டாது. இந்த இரண்டையும் ஆய்வேடுகளில் குழப்புகிறார்கள். என்ஹான்சரை நிரூபிக்க, சந்தேகிக்கும் துண்டை ஒரு மெலிந்த ப்ரோமோட்டருக்கு (ஜீனின் தொடக்க வாசலுக்கு) முன்னால் வைத்து, அதற்குப் பின்னால் பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்தின் ஜீனை வைத்து, கருவுக்குள் ஏற்றிப் பார்க்க வேண்டும். கோழியில் எலக்ட்ரோபொரேஷன் (மின்துடிப்பால் டிஎன்ஏவைச் செல்லுக்குள் ஏற்றுவது) மலிவான வழி. 10 முதல் 12ஆம் நிலையில் நரம்புக்குழாய்க்குள் மைக்ரோலிட்டருக்கு 1 முதல் 3 மைக்ரோகிராம் டிஎன்ஏ, பார்வைக்குத் துளி ஃபாஸ்ட் கிரீன், இரு பக்கமும் மின்முனை, 20 முதல் 25 வோல்ட், ஒவ்வொன்றும் 50 மில்லிசெகண்டாக 5 துடிப்பு. டிஎன்ஏ நேர்முனைப் பக்கம் போகும், எதிர்ப்பக்கம் தானாகவே ஒப்பீடு.

எங்கும் ஓடும் ப்ரோமோட்டரில் சிவப்பு ஒளிரும் பிளாஸ்மிட் ஒன்றையும் கூடவே கலக்க வேண்டும். சிவப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் டிஎன்ஏ போயிருக்கிறது. சிவப்பு இருந்து பச்சை இல்லை என்றால் என்ஹான்சர் அங்கே வேலை செய்யவில்லை. சிவப்பே இல்லாத இடத்தில் பச்சை இல்லாததற்கு எந்த அர்த்தமும் இல்லை.

திறந்து கிடக்கும் டிஎன்ஏ பகுதிகளை (திறந்த க்ரோமாட்டினை) ஏடாக்-சீக் என்ற சோதனையில் பார்த்து "இதுதான் என்ஹான்சர்" என்பவர்களுக்கும் இதே பதில். திறந்திருப்பது வேறு, வேலை செய்வது வேறு.

ஜூன் 24

தடம் மாறுகிறது, ஆனாலும் கேட்டார்கள். கடலூர் முதுநகர் மீன் மார்க்கெட்டில் சுற்றும் செம்பழுப்புப் பூனை. அந்த நிறத்துக்கான காரணத்தை 2025 மேயில்தான் ஸ்டான்ஃபோர்டு, கியூஷு என்று இரண்டு குழுக்கள் வெளியிட்டன. ஏஆர்ஹெச்கேப்36 என்ற ஜீன் நிறமிச் செல்லில் ஓடக்கூடாதது. எக்ஸ் குரோமோசோமில் புரதக் குறிப்பு இல்லாத பகுதியில் ஏறத்தாழ 5,000 இணை விடுபட்டதால் அது நிறமிச் செல்லில் ஓட ஆரம்பித்துவிட்டது. கருநிறமிக்குப் போகும் சமிக்ஞை நடுவிலேயே அடங்கி, செந்நிறமி வருகிறது. புரதத்தில் மாற்றமில்லை, இடம் மாறி ஓடுகிறது, அவ்வளவே. முக்கூட்டு நிறப் பூனை பெரும்பாலும் பெண்ணாக இருப்பது, பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் இருந்து, ஒவ்வொரு செல்லிலும் அவற்றில் ஒன்று மூடப்படுவதால்.

சயாமியப் பூனையின் கறுத்த காதை இதோடு சேர்க்காதீர்கள். அங்கே ஜீன் எங்கும் ஓடுகிறது. டைரோசினேஸ் புரதமே சூட்டில் கெடும் வகை, உடம்பின் குளிர்ந்த முனைகளில் மட்டும் வேலை செய்கிறது.

ஜூன் 28

மொட்டைக்கழுத்து நாட்டுக்கோழி பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் 11ஆம் தேதிக் குறிப்புக்கு இது அவசியம் என்று படுகிறது. "சுவிட்ச் எங்கே போடப்படுகிறதோ அங்கேதான் விளைவு" என்று அதைப் படித்தவர்கள் நினைத்திருப்பார்கள். இந்தக் கோழியில் அப்படி இல்லை.

2011இல் கண்டது: ஒன்றாம் குரோமோசோமிலிருந்து ஒரு பெரிய துண்டு மூன்றாம் குரோமோசோமில் ஜிடிஎஃப்7 ஜீனுக்குத் தள்ளி நுழைந்திருக்கிறது. இந்த ஜீனின் புரதத்துக்கு பிஎம்பி12 என்றும் பெயர், பிஎம்பி என்ற சமிக்ஞைப் புரதக் குடும்பத்தில் ஒன்று. அது கருவின் தோலில் அதிகமாக ஓடுகிறது. பிஎம்பி சமிக்ஞை இறகு முளைப்பதைத் தடுப்பது. கழுத்தில் மட்டும் ஏன் மொட்டை? கருவின் கழுத்துத் தோல் ரெட்டினாயிக் அமிலம் செய்கிறது, அது பிஎம்பி சமிக்ஞையைக் கூர்மையாக்குகிறது. அதே அளவு பிஎம்பியை உடம்புத் தோல் தாங்கிக்கொள்கிறது, கழுத்து தாங்கவில்லை. ஆக, திசு வேறுபாடு ஜீன் எங்கே ஓடுகிறது என்பதில் மட்டும் இல்லை, கேட்கும் செல் ஏற்கெனவே எந்த நிலையில் இருக்கிறது என்பதிலும் இருக்கிறது. லென்ஸில் பாக்ஸ்6 முன்கூட்டியே காத்திருந்ததும் இதே விஷயம்தான்.

வளர்ப்பவர்கள் கவனித்திருப்பீர்கள். முழு மொட்டை என்றால் இரண்டு பிரதி. கழுத்தின் முன்பக்கம் கொஞ்சம் இறகுக் கொத்து நின்றால் ஒரு பிரதி. ஒரு பிரதிச் சேவலைச் சாதாரணப் பெட்டையோடு விட்டால் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி அப்படி வரும்.

ஜூலை 3

"இதெல்லாம் மருத்துவத்தில் எங்கே?" இரண்டு இடம் சொல்கிறேன்.

ஒன்று டஃபி. வைவாக்ஸ் மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் நுழைய டஃபி புரதத்தைப் பிடிக்கிறது. ஆப்பிரிக்காவில் பலருக்குச் சிவப்பணுவில் டஃபியே கிடையாது. ஜீன் கெட்டுப்போகவில்லை. முன்னால் காட்டா1 உட்காரும் இடத்தில் ஓர் எழுத்து டி-யிலிருந்து சி ஆகியிருக்கிறது. காட்டா1 சிவப்பணுத் தொடரின் முக்கிய ஆள். அவரால் உட்கார முடியாததால் சிவப்பணுவில் மட்டும் டஃபி நின்றுவிட்டது, சிறு இரத்தநாளச் சுவர்களில் அதே ஆட்களுக்கு டஃபி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பாதுகாப்பு முழுமையானதல்ல. டஃபி இல்லாதவர்களிலும் வைவாக்ஸ் தொற்று பதிவாகியிருக்கிறது. வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர் இருக்கும் புதுச்சேரியில் மலேரியா பாடத்தோடு இதையும் நடத்தலாம். நம் நாட்டில் பெரும்பாலோருக்கு டஃபி உண்டு.

இரண்டாவது அரிவாள் செல் சோகை. இந்தியாவில் இது முதலில் பதிவானது 1952இல், நீலகிரிப் பழங்குடியினரிடம். கருவிலிருந்தபோது ஓடிய காமா குளோபினை (ஹீமோகுளோபினின் ஒரு பகுதி) பிறந்த பிறகு அமுக்குவது பிசிஎல்11ஏ என்ற புரதம். அதை எடுத்துவிட்டால் காமா மறுபடி ஓடி, இந்த நோயில் பழுதான பீட்டா குளோபினின் தீங்கைக் குறைக்கும். ஆனால் பிசிஎல்11ஏ மூளைக்கும் வெள்ளணுவுக்கும் இரத்த மூலச் செல்லுக்கும் வேண்டும், ஜீனை உடைக்க முடியாது. அதனால் அதன் இன்ட்ரானில் சிவப்பணுத் தொடரில் மட்டும் வேலை செய்யும் என்ஹான்சரில், காட்டா1 உட்காரும் இடத்தை வெட்டுகிறார்கள். நோயாளியின் மூலச் செல்லை வெளியே எடுத்து, கிரிஸ்பர் என்ற டிஎன்ஏ வெட்டும் கருவியால் வெட்டி, எலும்பு மஜ்ஜையை புசல்ஃபான் மருந்தால் காலிசெய்து, திரும்ப ஏற்றுவது. 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்தது, டிசம்பரில் அமெரிக்கா. கிரிஸ்பர் வழியில் அனுமதி பெற்ற முதல் சிகிச்சை குறிவைத்தது ஒரு என்ஹான்சரை. எந்தத் திசுவில் நிற்க வேண்டும் என்பதை மருந்தால் அவ்வளவு கூர்மையாகச் சொல்ல முடிந்திருக்காது.

ஜூலை 6

விருத்தாசலம் பக்கத்திலிருந்து வந்த கேள்வி: குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கட்டைவிரல் பக்கம் ஆறாம் விரல், எக்சோம் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று அறிக்கை. எக்சோம் படிப்பது புரதக் குறிப்புள்ள பகுதியை, இசட்ஆர்எஸ் அதில் வராது. மரபியல் ஆலோசகரிடம் "எல்எம்பிஆர்1 ஜீனின் ஐந்தாம் இன்ட்ரானில் உள்ள இசட்ஆர்எஸ்ஸைப் பிசிஆர் செய்து சேங்கர் முறையில் படிக்க முடியுமா" என்று நேராகக் கேளுங்கள். அது 800 இணை அளவுள்ள சின்னத் துண்டு. எழுத்து மாற்றம் இல்லையென்றால் அந்தப் பகுதி இரட்டித்திருக்கிறதா என்று பிரதி எண்ணிக்கையும் பார்க்கச் சொல்லுங்கள், இரட்டிப்பும் இதே விளைவைத் தரும், சேங்கரில் தெரியாது. பாதிக்கப்பட்ட இரண்டு பேர், பாதிக்கப்படாத ஒருவர் என்று குறைந்தது மூன்று மாதிரி கொடுத்தால்தான் கிடைக்கும் மாற்றம் விரலோடு சேர்ந்தே வருகிறதா என்று பார்க்க முடியும். சுண்டுவிரல் பக்கம் ஆறாம் விரல் உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம். அதற்குக் காரணமான ஜீன்கள் வேறு, ஜிஎல்ஐ3 அதில் ஒன்று.